கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால்...

பாட்மின்டன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மட்டையும் இறகுப் பந்தும்தான். அது ஓர் ஊரின் பெயர் என்று சொன்னால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்! இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், குளோஸ்டர்ஷையர் வட்டாரத்தில், பாத், பிரிஸ்டல் நகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னஞ்சிறு கிராமம் அது. போஃபர்ட் பிரபுக்களின் பரம்பரை மாளிகை அங்கேதான் இருக்கிறது. அந்த மாளிகையின் பெயர்தான் ஆட்டத்துக்கு வந்தது. ஆனால் இன்று அந்த ஊருக்குக் கூட்டம் வருவது பந்துக்காக அல்ல, குதிரைக்காக!

1948-இல் லண்டனில் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது பத்தாவது போஃபர்ட் பிரபு குதிரைப் போட்டிகளைப் பார்த்தார். 'நம் நாட்டுக்காரர்கள் பழகிக்கொள்ள நம் தோட்டத்திலேயே ஒரு போட்டி வைத்தால் என்ன?' என்று நினைத்தார். அடுத்த ஆண்டே, 1949-இல், முதல் போட்டி நடந்துவிட்டது. அன்றிலிருந்து பெருமழை, கொள்ளைநோய் என்று தடங்கல் வந்த சில ஆண்டுகள் தவிர, ஆண்டுதோறும் பாட்மின்டனில் திருவிழாதான்.

இந்தப் போட்டிக்கு 'ஈவென்டிங்' என்று பெயர். ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று பரீட்சை. முதலில் டிரெஸ்ஸேஜ். நாட்டியம் மாதிரி ஒவ்வொரு அடியும் அளந்து வைக்க வேண்டும். அடுத்து கிராஸ் கன்ட்ரி. காடு, மேடு, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்டி ஓட்டம். கடைசியில் ஷோ ஜம்பிங். தொட்டாலே விழுந்துவிடும் கம்புகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். ராணுவக் குதிரைகளைச் சோதிப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் சேர்த்தபோது ராணுவ அதிகாரிகள்தான் கலந்துகொண்டார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக்ஸ் ஈவென்டிங்கில் இடம் கிடைத்தது 1964-இல்தான். இன்று ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று போட்டி போடுகிறார்கள். ஜெர்மனியின் யூலியா கிரயேவ்ஸ்கி 2021-இல் டோக்கியோவில் தனிநபர் தங்கமே வாங்கிவிட்டார். அதே போட்டியில் நம் பெங்களூர் ஃபவாத் மிர்ஸா இறுதிச் சுற்று வரை வந்து 23-ஆவது இடம் பெற்றார்.

சனிக்கிழமைக் கூட்டம்

கூட்டம் அலைமோதுவது கிராஸ் கன்ட்ரி நடக்கிற சனிக்கிழமையன்றுதான். பிரபுவின் தோட்டம் என்றால் நம் வீட்டுத் தோட்டம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, பழைய மரங்கள், நடுவில் ஓர் ஏரி. குதிரை ஓட வேண்டிய தூரம் ஏறக்குறைய ஆறரைக் கிலோமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 570 மீட்டர். மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். பதினொன்று, பன்னிரண்டு நிமிடத்துக்குள் நாற்பது தாண்டலுக்கு மேல். குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 அபராதப் புள்ளி.

பாதையின் இரு பக்கமும் கயிறு கட்டியிருப்பார்கள். அதை ஒட்டி நின்றுகொண்டு பார்க்கலாம். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இளம் தாய்மார்கள், மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாகத் தாத்தா பாட்டிகள், பாதிப் பேர் கையில் நாய்! அதிகக் கூட்டம் ஏரிக்கரையில்தான். குதிரை தண்ணீருக்குள் குதிக்கும்போது எழும் சத்தமும், தெறிக்கிற நீரும்... அடேயப்பா! பார்க்கிறவர்களுக்கே மூச்சு நின்றுவிடும்.

கயிற்றோரம் கேட்கிற பேச்சு

ஆனால் எனக்கு ஓட்டத்தைவிட சுவாரஸ்யமாக இருப்பது கயிற்றோரம் நடக்கிற வாக்குவாதம்தான்.

ஒரு கட்சி சொல்லும்: "அரை டன் எடையுள்ள பிராணி. அதற்கு இஷ்டமில்லை என்றால் யாரால் தாண்ட வைக்க முடியும்? காதை நிமிர்த்திக்கொண்டு எத்தனை ஆசையாகப் போகிறது பாருங்கள்!"

இன்னொரு கட்சி விடாது: "கோப்பை வேண்டும் என்று குதிரை கேட்டதா? கால் வலிக்கிறது, போதும் என்று சொல்ல அதற்கு வாய் இருக்கிறதா?"

இரண்டிலும் உண்மை இருக்கிறது. விருப்பமில்லாத குதிரையை இந்த உயரத்துக்குக் கொண்டுவர முடியாது என்பது நிஜம். அதே சமயம், மனிதன் சொன்னதைச் செய்தே பழகிய நல்ல குதிரை, முடியாதபோதும் முயன்று பார்க்கும் என்பதும் நிஜம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. பெரும்பாலும் தாங்களே குதிரை வளர்த்தவர்கள். அவர்கள் 'போட்டி வேண்டுமா, வேண்டாமா' என்று பேசுவதில்லை. 'இந்த ஆள் இந்தக் குதிரையை எப்படி ஓட்டினார்?' என்றுதான் பேசுவார்கள். கடிவாளத்தைச் சுண்டி இழுத்தாரா? களைத்த குதிரையை உதைத்து விரட்டினாரா? சாட்டை எத்தனை முறை விழுந்தது? இவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

பேச்சோடு நிற்கவில்லை

1999-ஆம் ஆண்டில் பிரிட்டனில் மட்டும் ஐந்து சவாரிக்காரர்கள் இந்த விளையாட்டில் உயிரிழந்தார்கள். நாடே அதிர்ந்துபோய் விசாரணைக் குழு அமைத்தது. குதிரையின் முன்கால் அசையாத மரத்தடியில் மாட்டிக்கொண்டால், குதிரை அப்படியே குட்டிக்கரணம் அடித்து, சவாரி செய்பவர் மேலேயே விழுகிறது. அதுதான் உயிர் குடிக்கும் விபத்து. அதற்குப் பிறகு வந்ததுதான் பலமாக மோதினால் முறிந்து மரத்தைக் கீழே இறக்கிவிடும் ஆணி. பின்னால் அதே வேலையைச் செய்யும் கிளிப்புகளும் வந்தன. அப்படித் தடை விழுந்தால் 11 அபராதப் புள்ளி. உயிரோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையா?

முன்பெல்லாம் கிராஸ் கன்ட்ரி நாளிலேயே நீண்ட சாலை ஓட்டமும் வேக ஓட்டமும் சேர்ந்திருக்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸிலிருந்து அவற்றை நீக்கிவிட்டார்கள். இப்போது ஆள் விழுந்தாலும் சரி, குதிரை விழுந்தாலும் சரி, ஓட்டம் அதோடு முடிந்தது. ஏறி மறுபடி ஓட்ட முடியாது.

சாட்டைக்கும் கணக்கு உண்டு. ஒரு சந்தர்ப்பத்தில் இரண்டு அடிக்கு மேல் கூடாது. தோள் உயரத்துக்கு ஓங்கவே கூடாது. 2018-இல் இதே பாட்மின்டனில் ஒரு முன்னணி வீரருக்குச் சாட்டை விஷயத்தில் எச்சரிக்கை கிடைத்தபோது, 'வெறும் எச்சரிக்கை போதுமா?' என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள்.

இத்தனைக்கும் பிறகும் அபாயம் போய்விடவில்லை. 2021-இல் டோக்கியோவில் 'ஜெட் செட்' என்ற சுவிட்சர்லாந்துக் குதிரைக்கு ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கால் தசைநார் கிழிந்தது. குணப்படுத்த முடியாது என்று கண்டு, வேதனையில்லாமல் அதன் உயிரை முடித்துவைத்தார்கள். 2022-இல் உலகக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் குதிரைகளின் நலனுக்கென்றே தனிக் குழு அமைத்தது. பொதுஜனங்கள் ஏற்றுக்கொள்ளாத விளையாட்டு நிலைக்காது என்பது அவர்களுக்கும் புரிந்துவிட்டது.

எதைப் பார்க்க வேண்டும்?

நேரில் போனாலும், டெலிவிஷனில் பார்த்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

காது: தடையை நோக்கி நிமிர்ந்திருந்தால் குதிரை விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. பின்னால் படிந்தே இருந்தால் ஏதோ சரியில்லை.

வாய்: பிளந்துகொண்டு தாடையைக் கோணினால், கடிவாளத்தோடு போராடுகிறது என்று அர்த்தம்.

வால்: ஓயாமல் சுழற்றி அடித்தால் எரிச்சலோ வலியோ இருக்கலாம்.

கால்: ஏழெட்டு நிமிடம் ஆன பிறகுதான் முக்கியம். எட்டு குறுகி, தடையில் கால் உரசத் தொடங்கினால் களைப்பு வந்துவிட்டது.

கை: இது குதிரையின் கை அல்ல, மேலே இருப்பவருடையது! நல்ல கை குதிரையோடு சேர்ந்து போகும், நெகிழ்ந்து கொடுக்கும்.

ஓட்டம் முடிகிற இடத்தையும் தவறாமல் பாருங்கள். சேணத்தைக் கழற்றிய கையோடு பெண்கள் வாளி வாளியாக ஐஸ் தண்ணீர் ஊற்றுவார்கள். கால்நடை மருத்துவர்கள் நாடித்துடிப்பு பார்ப்பார்கள். வெயிலில் வந்தவுடன் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே என்று நம் பாட்டிகள் சொல்வதுபோல, சூடான குதிரை மேல் சில்லென்று ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று அங்கேயும் வெகுகாலம் பயந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகு அந்தப் பயம் தெளிந்தது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அருகில் உள்ள ரயில் நிலையங்களில் ஒன்று சிப்பனம். நடை அதிகம், புடவைக்கு ஷூ பொருந்துமா என்று பார்க்காமல் கெட்டிக் காலணி போட்டுக்கொள்ளுங்கள். விசில் கேட்டால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு நகர்ந்துவிடுங்கள். கயிற்றோரம் சட்டென்று குடை விரிக்காதீர்கள்.

நிறுத்தத் தெரிந்த கை

நடு வழியில் சிலர் கையை உயர்த்தி, போதும் என்று குதிரையை நடையாகத் திருப்பிக்கொண்டு போவதும் உண்டு. மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு, செலவழித்த பணம், பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம், எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி போவார்கள். அவர்களுக்கும் கூட்டம் கைதட்டும். ஜெயித்தவருக்குக் கிடைப்பதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. அதையே சொல்லிக்கொண்டு நாமும் பிள்ளைகளைப் பாட்டு, டான்ஸ், டியூஷன், பரீட்சை என்று விரட்டுகிறோம். அம்மா முகம் வாடக் கூடாதே என்று முடியாதபோதும் முயன்று பார்க்கிற பிள்ளைகள் எத்தனை வீட்டில்! அணைக்கிற கைக்கு நிறுத்தவும் தெரிய வேண்டாமா?

ஞாயிறு காலையில் மாளிகை முன்னால் இன்னொரு காட்சி. முந்தின நாள் ஓடி முடித்த குதிரைகளை ஒவ்வொன்றாக நடுவர்கள் முன்னால் நடத்தி, கெட்டித் தரையில் மெல்ல ஓட்டிக் காட்ட வேண்டும். துளி நொண்டல் இருந்தாலும் அன்றைய பரீட்சைக்கு இடமில்லை, அது முதல் இடத்தில் இருக்கிற குதிரையாக இருந்தாலும் சரி. அத்தனை கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டு, கற்களின் மேல் விழும் குளம்புச் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்கும். நான்கு அடியும் ஒரே சீராகக் கேட்டால்தான் எல்லோருக்கும் நிம்மதி.