யாரும் கணக்குக் கேட்காத வாளி

பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில், அதாவது நார் ஆலை, நெருங்குவதை முதலில் மூக்குதான் சொல்லும். நனைந்த தேங்காய் மட்டையின் புளித்த வாடை. உள்ளே இயந்திரம் மட்டையை அடித்துக் கிழிக்க, நார் ஒருபக்கம் விழுகிறது, பழுப்புத் தூள் மறுபக்கம் குவிகிறது. ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் கிடந்து வீணான தூள் அது. இன்று கோகோபீட் கட்டியாகி நெதர்லாந்தின் பசுமைக்குடில்களுக்கும் சென்னையின் மொட்டைமாடிகளுக்கும் போகிறது.

எங்கள் அடுக்ககத்திலும் 15 வீடுகளுக்குப் பொதுவான மாடியில் கத்தரியும் தக்காளியும் வளர்க்கிறோம். மண்ணாகவே நிரப்பினால் தளத்துக்குப் பாரம் என்று சங்கத்தில் சண்டை வந்தது. செம்மண், தொழு உரம், கோகோபீட் மூன்றையும் சமமாகக் கலப்பதாகச் சொன்ன பிறகே சம்மதித்தார்கள். வேலை முடிந்து வந்து செடிப் பையைக் கிளறினால் மனசு லேசாகிறது என்று எல்லோருமே சொல்கிறார்கள்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் சிறு பங்குத்தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு மனத்தை நெருக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, சிலரை அரை மணி நேரம் தோட்டத்திலும் மற்றவர்களை உள்ளே படிக்கவும் விட்டார்கள். உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் ஹார்மோன் இரு தரப்பிலும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. 2011-இல் வெளியான ஆய்வு.

நான் போயிருந்த மஞ்சி மில்லின் களத்தில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. அலசாத தூளில் நாற்று நட்டால் இலை நுனி கருகும். அதனால் தண்ணீர் விட்டு அலசி, வடித்து, மீட்டரை வைத்து உப்பை அளக்கிறார்கள். உப்பு குறைவு, அதிகம் என்பதைச் சொல்லும் ‘லோ இ.சி.’, ‘ஹை இ.சி.’ என்பது இங்கே எல்லோர் வாயிலும் புழங்குகிற பேச்சு. அலசியதை சிமெண்ட் களத்தில் பரப்பி, திரும்பத் திரும்பக் கிளறிக் காயவைக்கிறார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாயோடு ஓட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒருவர் கைப்பிடி அள்ளி இறுக்கினார். விரலைத் திறந்ததும் உதிர்ந்தது. அதற்குப் பிறகு சலித்து, அழுத்து இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே முகத்தில் துண்டு கட்டிய பீகார், ஒடிசா இளைஞர்கள் 5 கிலோ கட்டிகளை அடுக்குகிறார்கள். தண்ணீரில் போட்டால் ஒரு கட்டி உப்பி, சுமார் 70 லிட்டர் இடத்தை நிரப்பும்.

கைப்பிடி பார்த்த அக்காவிடம் எங்கள் மாடிக் கதையைச் சொன்னேன்.

“இதக் கெளறுனா மனசு லேசாகுதுங்களா அம்மணி?” என்று சிரித்தார். “வெயில் சாஞ்சதுக்கப்புறம் வந்து அரை மணி நேரம் கெளறுனாப் போதும்னா எங்களுக்கும் லேசாத்தானுங்க இருக்கும்.”

“வீட்ல செடி இருக்குங்களாக்கா?”

“பெயிண்ட் வாளியில ரெண்டு தக்காளி, ஒரு கருவேப்பிலை. காய்ச்சாக் காய்க்குது, இல்லீனாப் போகுது. அதுக்கு யாரு கணக்குக் கேக்கறாங்க?”

அதே தூள், அதே கை, அதே கிளறல். களத்தில் அதற்குக் கூலியும் நேரமும் உண்டு. வாளியில் இரண்டும் இல்லை. கார்ட்டிசாலைக் குறைத்ததில் பச்சைக்கும் மண்ணுக்கும் எவ்வளவு பங்கோ, விளைச்சலுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதிக்கும் அவ்வளவு பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் மாடியிலோ, யார் எத்தனை காய் பறித்தார் என்று எழுத சமீபத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறோம்.

வெளியே வரும்போது அலசிய தண்ணீரைப் பார்த்தேன்; கடுங்காப்பி நிறம். இந்த வட்டாரத்தில் கிணற்று நீர் நிறம் மாறிவிட்டதாகப் பல ஊர்க்காரர்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். தொட்டியில் தேக்கித் தெளியவைத்து மறுபடி பயன்படுத்துகிற ஆலைகளும் உண்டு. அதற்குச் செலவு கூடும், கட்டியின் விலையும் கூடும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த நோட்டை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். கணக்குக் கேட்டே தீர வேண்டுமென்றால், கட்டி விற்பவரிடம் கேட்போம்: அலசின தண்ணியை எங்கே விடுறீங்க?