மட்டசனமும் அளவுச் சாப்பாடும்

சர்க்கரை நோய்க்கான இரத்தப் பரிசோதனையை இருமுறை செய்வது வழக்கம். வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுப்பர். உணவருந்தி இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பர். கடலாடி, சாயல்குடிப் பகுதிகளிலிருந்து அதிகாலைப் பேருந்தில் இராமநாதபுரம் செல்லும் நம் மக்கள், இவ்விரண்டு ஊசிகளுக்கும் இடைப்பட்ட உணவைப் பெரும்பாலும் ஓட்டலில்தான் உண்கின்றனர். நோயாளருக்குத் துணையாகச் சென்ற வேளைகளில் நாம் ஒன்றைக் கவனித்ததுண்டு. காலையில் இரண்டே இட்லியோடு எழுந்துவிடுவார் ஒருவர். சோதனைத் தாளில் எண் குறைந்து வரவேண்டுமே! இரண்டாம் ஊசியும் முடிந்து, மாத்திரைப் பையோடு பேருந்து நிலையம் வந்ததும், அவரே புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மிதக்க ஊற்றச் சொல்வார். பரிசோதகரை ஏமாற்றலாம், இரத்தத்தை ஏமாற்ற இயலுமா?

இதனைச் சிறு வேடிக்கையென்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14.4 பேர். நோயில் பூசுதல் வழங்கச் செல்லும் இல்லங்களில், ஆறாத கால் புண்ணோடு படுத்திருப்போரை நாம் அடிக்கடி காண்கிறோம்.

முன்னாளில் ஞானோபதேசம் கற்றவர்களுக்கு ஏழு தலையான பாவங்கள் மனப்பாடமாயிருக்கும். அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். அதற்கெதிரான புண்ணியம் மட்டசனம். மட்டாக உண்ணுதல் என்பது பொருள். இன்றைய இளைஞருக்கு அச்சொல் புரியாது. ஆயினும் அதே பொருளை நம் ஓட்டல்காரர்கள் பலகையில் எழுதி வைத்திருக்கின்றனர்: அளவுச் சாப்பாடு! விலையும் குறைவு. இருந்தும், நால்வர் நடுவே அமர்ந்து அதைக் கேட்க நமக்குக் கூச்சம். கையில் காசில்லை என்று எண்ணிவிடுவார்களாம். அகங்காரமும் போசனப்பிரியமும் ஒரே இலையில் அமர்ந்து உண்ணும் இடம் அது.

புனித தோமா அக்குவினார், பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி, போசனப்பிரியம் ஐந்து வகையில் வெளிப்படும் என்கிறார்: வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, மிகுதியாக உண்பது, பேராவலோடு விழுங்குவது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் தேடுவது. அளவு மிகுதல் ஐந்தில் ஒன்றுதான். பேருந்து புறப்படுமுன் அள்ளி விழுங்கும் நம் அவசரமும் இப்பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது.

ஓட்டலில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. இருக்கிறது. நம் கரையில் மீனுக்குக் குறைவில்லை. மூக்கையூரிலும் வாலிநோக்கத்திலும் கரையேறும் மீன் குழம்பில் வெந்தால் நல்லுணவு. அதையே நாள் முழுதும் காய்ந்த எண்ணெயில் பொரித்தால் கதை வேறு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உண்டாகும் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்தால் அதைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டம். அடுப்பருகே சென்று அளக்க நம்மால் முடியாது. கறுத்த நிறமும் சிக்கு வாடையும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியுமல்லவா? மைதாவில் தவிடுமில்லை, நார்ச்சத்தும் மிகக் குறைவு. அதனால் புரோட்டா சர்க்கரையை விரைந்து ஏற்றுகிறது. உப்பளங்கள் நிறைந்த வட்டாரம் நம்முடையது. எனினும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கினாலே பாதிச் சண்டை முடிந்துவிடும். சோற்றைக் குறைத்துக் கூட்டு, பொரியலை இன்னொரு கரண்டி கேட்கலாம்; பரிமாறுவோர் மறுத்து நாம் கண்டதில்லை.

அனுப்பப்பட்ட சீடரிடம், பரிமாறுவதை உண்ணுங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையா என வாதிடுவார் ஒரு பெரியவர். சொன்னார், ஏழை வீட்டு விருந்தாளிக்குச் சொன்னார், அவ்வீட்டார் மனம் நோகக்கூடாதென்று. ஓட்டலில் நாம் விருந்தாளியல்லர். கேட்டு வாங்கும் உரிமையுள்ளவர். பாபிலோனில் அரசனின் உணவு தமக்கென ஒதுக்கப்பட்டபோது தானியேல் கலகம் செய்யவில்லை. மரக்கறியும் தண்ணீரும் தந்து பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வையாளரைப் பணிவோடு கேட்டார். கேட்கும் துணிவுதான் அங்கே முதல் ஒறுத்தல்.

உப்பளத்தில் வெயில் காய்ந்த தொழிலாளி, குறைந்த காசில் வயிறு நிறைய நான்கு புரோட்டா உண்பதைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவருக்கு வேறு வழி அமைத்துத் தருவது சமூகத்தின் கடன். நாம் பேசுவது, பட்டியலைப் புரட்டிப் பார்க்க வசதியுள்ளோரைப் பற்றி.

குறிப்பாக அன்பியப் பொறுப்பாளரைப் பற்றி. ஓரியூருக்கு வேன் பேசிச் செல்கிறோம். அங்கே 1693-இல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர், இந்த மறவர் நாட்டில் புலால் நீக்கி எளிய உணவுண்டு வாழ்ந்தவர். அவர் திருத்தலத்தில் செபித்துவிட்டுத் திரும்பும் வழியில், இருபது பேருக்கும் ஒரே குரலில் பிரியாணி சொல்லிவிடுகிறோம். அந்த இருபதில் சர்க்கரையுள்ளோர் நால்வராவது இருப்பர். "ஒரு நாளைக்குத்தானே" என்று அவர்கள் தோளைத் தட்டுவதும் நாமே. தம் உணவால் சகோதரர் இடறுவதாயின் இறைச்சியையே தொடேன் என்றார் பவுலடியார். வேன் புறப்படும்போதே யாருக்கு என்ன உணவு ஆகும் எனக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வழியிலுள்ள ஓட்டலுக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், இடியாப்பமோ இட்லியோ ஆயத்தமாக இருக்கும்.