மேசையில் என்ன பாஷை?

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் நடக்கும்போது ஒருத்தர் சொல்லக்கூடியது மொத்தம் 38 விஷயம்தான். ஒன்று முதல் ஏழு வரை எண். ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு வகைக் காட், அல்லது துரும்பே வேண்டாம் என்ற ஐந்தாவது தெரிவு. ஆக 35. அதோடு பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவுதான். அதுக்கு மேலே ஒரு இருமல்கூட அதிகம். சும்மா சொல்லவில்லை, 2013இல் பாலித் தீவில் நடந்த உலகப் போட்டியில் இருமி இருமிக் காட் விவரம் சொன்னதாக ஒரு ஜெர்மன் ஜோடி மேல் குற்றம் வந்து தடையும் விழுந்தது. ரெண்டு பேரும் டாக்டர்மார் என்பது தனிக்கதை.

நாங்கள் நாலு பேர், பல்லேபொல பக்கம். கம்பஸ் வந்த பிறகுதான் பிரிட்ஜ் பழகினோம், அதுவும் விடுதியில் மழைக்கு வெளியே போக முடியாத ஒரு கிழமையில், ஒருத்தனுடைய ஃபோனில். ஆட்டம் பிடிபட ரெண்டு நாள்கூட ஆகவில்லை. ஏனென்றால் ஊரில் நாங்கள் ஓமி விளையாடி வளர்ந்த ஆட்கள். நாலு பேர், எதிரெதிரே பாட்னர், ஒரு துரும்பு, அதிகம் பிடி எடுத்த பக்கம் வெற்றி. எலும்புக்கூடு ஒன்றுதான். ஓமிக்கு 32 காட் போதும், பிரிட்ஜுக்கு 52ம் வேணும். ஓமியில் முதல் நாலு காட்டைப் பார்த்த கையோடு ஒருத்தர் துரும்பைச் சொல்லிவிடுவார். பிரிட்ஜில் துரும்பு எது என்பதை ஏலம் போட்டுத் தீர்மானிக்கணும். எங்களை மிரட்டினது ஆட்டம் இல்லை, அதன் சொற்கள்தான். ஃபினெஸ், ஸ்குவீஸ், டம்மி, வல்னரபிள், ஸ்டேமன்.

சரி, எல்லாத்தையும் தமிழில் எழுதி வைப்போம் என்று ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தோம். முதல் பக்கத்திலேயே சண்டை. நாலு வகைக் காட்டுக்குத் தமிழ்ப் பேர் என்ன? நாங்கள் சிறுவயதிலிருந்து சொன்னது இஸ்கோப்ப, ஹார்த்த, ருவித்த, கலாபர. அது சிங்களமாச்சே என்றான் பக்கத்து அறை யாழ்ப்பாணத்து நண்பன். அவன் வீட்டில் 304 ஆடுவார்கள். அங்கே இஸ்கோப்பன், ஆடுத்தன், ரூவிதன், கிளாவர். இதுதான் தமிழ் என்று அவன் நிற்க, அதைவிடக் கிட்டத்தட்ட அதே சொல்லை நாங்கள் சிங்களம் என்று நினைத்துக்கொண்டு இருக்க, கடைசியில் பார்த்தால் ரெண்டும் ஒல்லாந்தர் விட்டுப் போனது. ஸ்கோப்பன், ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவரன். கிளாவர் என்றால் மூணு இலைப் பூண்டு. காட்டில் இருக்கிற படத்தைப் பாருங்கள், இலைதான். அதை ‘கிளப்’, அதாவது தடி என்று சொல்லுகிற இங்கிலிஸ்தான் படத்தோடு ஒட்டாமல் நிற்குது.

இதில் எங்களுக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்தார்கள், கரையோரத்தை ஆண்டார்கள். மாத்தளையை ஒருநாளும் ஆளவில்லை. 1815 வரை அது கண்டி இராச்சியம். அவர்கள் ஆளாத இடத்துக்கு ஒரு காட்டுக்கட்டு மலை ஏறி வந்திருக்கு, பேரையும் தூக்கிக்கொண்டு.

துரும்பு அதைவிட விசேஷம். போர்த்துக்கேயரின் ட்ருன்ஃபோ, ஒல்லாந்தரின் ட்ரூஃப், இங்கிலிஸ்காரரின் ட்ரம்ப் என மூன்றுக்கும் ஆதி அர்த்தம் வெற்றி. சிங்களத்தில் துரும்பு, தமிழில் துருப்பு என்றும் துரும்பு என்றும். ஆனால் தமிழில் துரும்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்குதே, வைக்கோல் துண்டு. வெற்றி என்று கப்பலேறி வந்த சொல் இங்கே இறங்கினதும் பல்லுக்குத்துகிற குச்சியாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு இந்த அர்த்தம்தான் பொருத்தம். ஏழாம் நம்பர் துரும்பு ஒன்று வந்து பெரிய ஆஸைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அது குச்சி செய்கிற வேலைதான். மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லாமல் நடந்த நல்ல மொழிபெயர்ப்பு இது.

கப்போத்தியையும் சொல்லிவிடணும். ஓமியில் எட்டுப் பிடியையும் ஒரே பக்கம் எடுத்தால் கப்போத்தி. பிரெஞ்சுக்காரரின் பிக்கே ஆட்டத்தில் எல்லாப் பிடியும் எடுப்பதற்குப் பேர் கப்போ. உடைந்துபோனதைச் சொல்லுகிற ஜெர்மன் ‘கபுட்’டும் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் கப்போத்தியும் அந்தக் குடும்பம் என்றே நினைக்கிறோம். பிரிட்ஜில் 13 பிடியும் எடுத்தால் கிராண்ட் ஸ்லாம். டென்னிஸுக்கு அந்தப் பேர் போனது காட் மேசையிலிருந்து என்பது எங்களில் கிரிக்கெட் தவிர எதுவும் பார்க்காதவனுக்குப் பெரிய ஆச்சரியம்.

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்லுவது அப்படி இல்லை.

எங்கள் ஓமி மேசை ஒரு கடை முன்னால். தமிழ் பேசுகிறவர்களும் சிங்களம் பேசுகிறவர்களும் இருப்பார்கள். எங்கள் வீட்டு ஆட்களில் கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, பள்ளிக்குப் போகிறவரும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு சில மாதம் மேசை கூடவே இல்லை. திரும்பக் கூடினபோது ஆட்டம் பழையதுதான், காதுதான் மாறியிருந்தது. பாட்னரிடம் தமிழில் “தண்ணி போத்தலைத் தா மச்சான்” என்றாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து “மொகக்த கிவ்வே?” என்று வரும். என்ன சொன்னாய்? முந்தி அந்தக் கேள்வி காட்டைப் பற்றியது, சிரிப்போடு வரும். அந்த வருஷம் அது காட்டைப் பற்றியதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. நாங்களும் அவர்கள் சிங்களத்தில் குனிந்து பேசினால் அப்படித்தான் பார்த்தோம்.

கடைக்கார அண்ணன் ஒருநாள் சொன்னார், இனி ஒரே பாஷைக்காரர் பாட்னராக இருக்கக்கூடாது. அதோடு சரி. எதிரே உட்கார்ந்தவனோடு இரகசியம் பேச முடியாது, பக்கத்தில் இருப்பவனோடு பேசினால் அவன் எதிரி. மிஞ்சினது துரும்பு, இஸ்கோப்ப, கப்போத்தி. யாருடைய பாஷையிலும் சேராத அந்தப் பத்துப் பதினைந்து சொல். இதனால் ஊர் ஒற்றுமையாகிவிட்டது என்று எழுத மாட்டோம், ஆகவில்லை. ஆனால் ஆட்டம் நடந்தது. எங்களில் ஒருத்தனுக்கு வாய்த்த பாட்னரோடு அவனுக்கு இப்பவும் ஃபோன் தொடர்பு இருக்கு. பேசுவது பாதி சிங்களம், பாதி தமிழ்.

அதனால்தான் பிரிட்ஜில் ஸ்டேமனைப் படித்தபோது நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பாட்னர் துரும்பில்லாத ஒன்று என்று ஏலத்தைத் திறக்கிறார். நீங்கள் “ரெண்டு கிளாவர்” என்கிறீர்கள். உங்கள் கையில் ஒரு கிளாவர்கூட இல்லாமலிருக்கலாம். அதன் அர்த்தம், “உன்னிடம் ஹார்த்தவோ இஸ்கோப்பவோ நாலு இருக்கா?” என்ற கேள்வி. 1945இல் சாம் ஸ்டேமன் எழுதி வெளியிட்டதால் அவர் பேர் ஒட்டிக்கொண்டது. கண்டுபிடித்தவர் அவருடைய பாட்னர் ஜார்ஜ் ரபே. கண்டுபிடித்தவனை விட்டு எழுதினவனுக்குப் பேர் போவது எங்கேயும் உள்ளதுதான்.

சொல்லுக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லாத இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பிரிட்ஜில் நிறைய. ஆனால் ஒரு சட்டம் இருக்கு: அர்த்தத்தை ஒளிக்கக்கூடாது. எதிர்ப்பக்கம் அது என்ன என்று கேட்டால் பதில் சொல்லியே ஆகணும். அதிலும் சொன்னவர் வாய் திறக்கக்கூடாது, அவருடைய பாட்னர்தான் விளக்கணும். நான் சொன்னதை நீ எப்படி விளங்கிக்கொண்டாய் என்பதை எதிரிக்கு முன்னால் நீ சொல்லணும். கேட்கிறவனுக்கு அது உரிமை, சந்தேகம் இல்லை. “மொகக்த கிவ்வே?” என்பதை மரியாதையாகக் கேட்க ஒரு வழியை எங்கோ யாரோ சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மேசைக்கு அந்த வருஷம் இது தெரிந்திருந்தால் என்று ஒருத்தன் சொன்னான். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கொப்பி இப்பவும் நிரம்பிக்கொண்டு இருக்கு. ரஃப் என்பது வெட்டு, அதில் சண்டையே இல்லை. ஒரே ஒரு காட் உள்ள வகை ஒத்தை. ஃபினெஸுக்கு அருமையான சொல் கிடைத்தது. டம்மி கையில் ஆஸும் குயினும் இருக்கு, கிங் எதிரியிடம். டம்மிக்கு முன்னால் ஆடுகிற எதிரியிடம்தான் அது இருக்கும் என்று நம்பிக் குயினை விடுகிறோம். நம்பினது சரியென்றால் குயினே பிடியை எடுக்கும். நூல் விட்டுப் பார்க்கிறது! இங்கிலிஸை விடத் தமிழ் நன்றாக இருக்கு என்று நாங்கள் துள்ளின இடம் இது ஒன்றுதான்.

டம்மிக்கு ‘ஊமை’ என்று ஒருத்தன் எழுதினான், மற்ற மூணு பேரும் வெட்டிவிட்டோம். பேச முடியாத ஆட்களைக் காட்டுக்குள் இழுக்கத் தேவையில்லை. இப்போதைக்கு ‘விரித்த கை’. தேறாதது வல்னரபிள்தான். ஒரு கேம் ஏற்கெனவே வென்ற பக்கத்தைக் குறிக்கிற சொல். அந்தப் பக்கம் தோற்றால் அபராதம் கூட, பெரிசாய் வென்றால் போனஸும் கூட. ஹரோல்ட் வாண்டர்பில்ட் 1925இல் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமா வழியாக ஹவானா போன பின்லாந்து என்ற கப்பலில் இன்றைய பிரிட்ஜின் விதிகளை ஒழுங்கு பண்ணினபோது, அவருக்கும் இதற்குச் சொல் வரவில்லையாம். கப்பலில் வந்த ஒரு இளம்பெண் சொல்லிக் கொடுத்தார். அவர் பேர் யாருக்கும் ஞாபகமில்லை.

எங்கள் கொப்பியில் அந்த வரி இன்னும் வெறுமையாக இருக்கு. உங்கள் ஊர் மேசையில் ஏதாவது சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எந்தப் பாஷை என்றாலும் பரவாயில்லை, அர்த்தத்தையும் சேர்த்து எழுதுங்கள்.