நான்காம் நாள்

எங்கள் பாட்டனார் ஒரு சபுராளி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனால் திரும்பி வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்று பாட்டி சொல்லுவார். அங்கே எந்தத் தெருவில் இருந்தார், எந்தப் பள்ளிவாசலில் தொழுதார் என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. பிழைக்கப் போனவருக்கு ஊர் சுற்றிப் பார்க்க நேரம் இருந்திருக்காது. பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அதே ஊருக்குப் பத்து நாள் ஓய்வாகத் தங்கிவர நான் தனியாகப் புறப்பட்டேன். மனைவிக்குத் தாயாரைக் கவனிக்கும் பொறுப்பு இருந்தது. "உங்களுக்கு இப்போது போகாவிட்டால் எப்போது?" என்று அவளேதான் அனுப்பி வைத்தாள்.

மலேசியாவில் எனக்கு இரண்டு நண்பர்கள். கோலாலம்பூரில் இருப்பவர் விமான நிலையத்திற்கே வந்து, ஓர் இரவு தம் வீட்டில் தங்கவைத்து, மறுநாள் காலை ரயிலேற்றிவிட்டார். நான்கு மணி நேரத்திற்கும் மேலான பயணம். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் நீரிணையைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். துறைமுகத்தில் இரண்டாமவர் நின்றிருந்தார். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழர். முப்பது ஆண்டுகளுக்கு முன் பினாங்குக்கு வந்து, அங்கேயே மணமுடித்துக் குடியேறியவர். "மச்சான், தலை முழுக்க நரைச்சிட்டே!" என்று கட்டிக்கொண்டார். அவருக்கும் கறுப்பு முடி மிச்சம் இல்லை.

முதல் மூன்று நாட்கள் கனவுபோல் கழிந்தன. நண்பரின் மோட்டார் சைக்கிளில் ஏறி ஊரெல்லாம் சுற்றினோம். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற வணிகர் காதர் முகைதீனின் பெயரோடு இணைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதோம். அதே தெருவில் 1818இல் எழுந்த ஆங்கிலேயர் தேவாலயமும் சீனர்களின் கோயிலும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில். சூலியா தெருவின் மூலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் மக்கள் எழுப்பிய நாகூர் தர்கா நினைவுக் கட்டடம். கடல் கடந்து வந்த இடத்தில் சுவரில் எங்கள் ஊரின் பெயரைக் கண்டபோது தொண்டை அடைத்தது. இரவில் நாசி கந்தார் கடையில் நான்கு வகைக் குழம்பைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றச் சொல்லி உண்டோம். எங்கும் பணம் கொடுக்க நண்பர் என்னை விடவில்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நண்பர் யாரிடமோ பேசச் சென்றிருந்தார். அவரோடு ஒரே கடையில் வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு ஸலாம் சொல்லி, "நீங்கதானா அந்த ஊர்க்காரர்? உங்களுக்காகத்தான் முதலாளிகிட்டே மன்றாடிப் பத்து நாள் லீவு வாங்கினார். சம்பளம் கிடையாதுன்னு சொல்லியும் கேக்கலையே" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்கோ கால்கள் தரையில் ஊன்றவில்லை.

நண்பர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார் என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். அவர் அப்படிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மூன்று நாட்களாகக் கண்ணெதிரே இருந்தவை அன்றிரவுதான் கண்ணில் பட்டன. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. ஓர் அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்குமேல் அளிப்பது தர்மம், வீட்டாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குவது விருந்தினருக்கு ஆகாது என்ற கருத்திலமைந்த நபிமொழியை எத்தனை ஜும்ஆ உரைகளில் கேட்டிருப்பேன்! கேட்டபோதெல்லாம் என் வீட்டிற்கு வந்து நெடுநாள் தங்கிய உறவினர்களின் முகங்களே நினைவுக்கு வந்தன. என் முகம் ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் காலை ஒரு தவறு செய்தேன். ஐந்நூறு ரிங்கிட்டை உறையில் இட்டு நண்பரின் சட்டைப் பையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். "என்ன மச்சான் இது, லாட்ஜ் வாடகையா?" என்று கேட்டு, உறையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மதியம் வரை பேசவில்லை. அவர் எனக்குக் கொடுத்தவற்றையெல்லாம் நான் விலை போட்டுவிட்டேன் என்பது எனக்கும் புரிந்தது.

லுஹர் தொழுது முடித்து உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரூரில் தங்க நிய்யத் செய்தவருக்கு, அங்குச் சேர்ந்ததுமே கஸ்ரின் சலுகை முடிந்துவிடுகிறது; உள்ளூர்க்காரரைப் போல் முழுமையாகத் தொழ வேண்டும். பத்து நாள் நிய்யத்தோடு வந்த நானும் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் தொழுதுவந்தேன். தொழுகையில் உள்ளூர்க்காரன், வீட்டு வேலையில் மட்டும் விருந்தாளியா?

மாலையில் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "மிச்ச நாளும் இங்கேதான் இருப்பேன். ஆனால் நாளையிலிருந்து நீ வேலைக்குப் போகணும். வீட்டில் எனக்கும் ஒரு வேலை கொடு" என்றேன். அவர் தயங்கினார். அடுக்களையிலிருந்து அவர் மனைவிதான், "நானா சொல்றது சரிதாங்க. மீன் வாங்கத் தெரியுமான்னு கேளுங்க" என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். அன்றிரவு நானும் பிள்ளைகளோடு கூடத்திலேயே படுத்தேன்.

அதன் பிறகுதான் என் விடுமுறை தொடங்கியது என்பேன். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவது. ஃபஜ்ர் தொழுது முடித்தும் வெளியே இருட்டாகவே இருக்கும். திங்கள் முதல் இளையவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சந்தைக்குப் போவேன். நம் காணாங்கெளுத்திக்கு அங்கே கெம்புங் என்று பெயர் என்பதை மீன்காரச் சீனப் பெண்மணி சொல்லிக்கொடுத்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தபின் பகல் முழுவதும் எனக்குச் சொந்தம். தனியே நடந்தேன். 1808இல் கட்டப்பட்ட ஆச்சே தெருப் பள்ளிவாசலின் முற்றத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அக்காலத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோர் கப்பலுக்காக அந்தத் தெரு வீடுகளில்தான் தங்கியிருந்தார்களாம். பாட்டனாரும் அந்த வழியே என்றேனும் நடந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வேன்.

நண்பர் வேலை முடிந்து வர இரவு பத்தரை ஆகும். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பேன். அப்போதெல்லாம் பாட்டியின் நினைவு வரும். அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்த வேலை இது. அதன் பிறகு நள்ளிரவு வரை பேசுவோம். கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு வர முடியாமற்போன மரணங்கள் என்று மோட்டார் சைக்கிளில் சுற்றிய மூன்று நாட்களில் அவர் சொல்லாதவற்றையெல்லாம் அந்த இரவுகளில் சொன்னார்.

புறப்பட்ட அன்று வழியனுப்ப அவரால் வர முடியவில்லை, வேலை நேரம். அவர் மனைவி ஜாதிக்காய்ப் பொட்டலமும், திறக்கப்படாத அந்த உறையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அல்லாஹ் அந்த இல்லத்தில் பரக்கத்தைப் பொழிவானாக.

அடுத்த ஆண்டு, இன்ஷா அல்லாஹ், குடும்பத்தோடு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும். மூன்று நாட்கள் அவர் விரலைக்கூட அசைக்கக் கூடாது. நான்காம் நாள் காலையில் மீன் சந்தைக்குப் போவது அவர்தான்.