அப்பாவின் குளிசைப் பெட்டி

"கம்பி வைச்சாச்சு, இனிப் பயமில்லை."

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை முழுக்க, பார்க்க வந்த சனமெல்லாம் சொன்ன வசனம் இது. நானும் நம்பினேன். மாரடைப்பு வந்து, அடைபட்ட குழாயில் ஸ்டென்ட் வைத்து, சில நாளிலேயே நடந்து வீட்டுக்கு வந்த மனுசனைப் பார்த்தால் வேறென்ன நினைக்கிறது?

ஐந்தாம் மாதம் கம்பஸ் லீவுக்கு வந்தபோது அவருடைய குளிசைப் பெட்டியைத் திறந்தேன். குளோப்பிடோகிரல் அட்டையில் பாதி மிச்சம். மாதமோ முடியப் போகிறது.

"ஏனப்பா?"

"நெஞ்சு நோகேல்லையே பிள்ளை. கிளினிக்கில இது முடிஞ்சுதாம், வெளியில வாங்கச் சொல்லினம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாக் காணும்தானே." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "உன்ர போர்டிங் காசும் கட்ட வேணுமெல்லே."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

நான் கலைப்பீடத்துப் பிள்ளை. அன்றிரவு போனில் தேடித் தேடி வாசித்தேன். ஸ்டென்ட் உடம்புக்கு அந்நியமான ஒரு உலோக வலை. குழாயின் உட்தோல் அதன்மேல் வளர்ந்து மூடும் வரைக்கும் இரத்தம் அதில் கட்டிபடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினோடு இந்த இரண்டாவது குளிசை. மாரடைப்புக்குப் பிறகு இரண்டையும் சேர்த்து வழமையாக 12 மாதம் கொடுப்பார்கள். இடையில் விட்டால் ஸ்டென்ட்டே திடீரென்று அடைபடலாம். அதற்கு முதல் நெஞ்சு நோக வேண்டும் என்றில்லை.

இன்னொன்றும் வாசித்தேன். 2020இல் முடிவு வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர். அப்பா மாதிரி மாரடைப்போடு ஓடி வந்தவர்கள் இல்லை, அடைப்பு இருந்தும் நிலைமை மோசமாகாதவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மற்றவர்களுக்கு முதலில் மருந்து மட்டும். சில வருடம் கவனித்தும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சுநோவு குறைந்ததில்தான் முதல் பகுதி முன்னுக்கு நின்றது.

மாரடைப்பு நேரத்தில் குழாயை உடனே திறப்பது உயிரைக் காக்கும். அப்பா இருப்பதே அதனால்தான். ஆனால் கம்பி திறந்தது ஒரு இடத்தை மட்டும். மற்றக் குழாய்களில் கொழுப்புப் படிவதை அது நிறுத்தாது. அதைக் குளிசையும் சாப்பாடும் நடையும், அவர் ஒளித்துப் பத்தும் சிகரெட்டை விடுவதும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு அப்பாவை நல்லா ஏசினார். "காசில்லையெண்டா எங்களிட்டச் சொல்லுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ." அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏச்சில் பாதி எனக்கும் சேர வேண்டியது. ஐந்து மாதமாகப் போனில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டிருக்கிறேன், குளிசையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது பின்னேரங்களில் இரண்டு பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். குளோப்பிடோகிரல் காசு அதில் வருகிறது.

உங்கட வீட்டிலயும் ஆருக்காவது கம்பி வைச்சிருந்தா, சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேட்டதோட நிக்காதேங்கோ. அட்டையை எடுத்து ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.