முழக்கோலும் கணினியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் பழஞ்செய்யுள் ஒன்றன் நயத்தையோ இலக்கணச் சிக்கல் ஒன்றையோ எடுத்து எழுதுவேன் என்றே அவர்கள் கருதியிருப்பர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாது நிற்கும் பொருள் வேறொன்று. அஃது ஒரு வீட்டின் கதை; கணினியின் கதையுமாகும். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் எனக்கு ஆசிரியராகிய கதை என்றும் அதனைக் கூறலாம்.

கொடிகாமம் சந்தையை அறியாதார் தென்மராட்சியில் இலர். கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் அவ்விடத்திலிருந்து கச்சாய்ப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால் எங்கள் வளவு வரும். அங்கே என் தந்தையார், நான் பிறப்பதற்கு முன்னர், கல்வீடு ஒன்று கட்டுவித்தார். அவ்வீட்டுக்கு வரைபடம் என்று ஒன்று இருந்ததில்லை. மேசனார் நிலையம் எடுத்தபின் தம் முழக்கோலால் முற்றத்து மணலிற் கோடு கிழித்து, "இது விறாந்தை, இது சாமியறை, இது நெல்லறை" எனக் காட்டினாராம். நாட்கல் வைத்த அன்றே அக்கோடுகள் காலடியில் அழிந்துபோயின. வீட்டின் வடிவம் அம்மேசனாரின் நெஞ்சில் மட்டும் இருந்தது. அவர் நெஞ்சிலிருந்து இறங்கிக் கல்லும் சுண்ணாம்பும் பனஞ்சிலாகையும் ஓடுமாக நிமிர்ந்தது. அதிற் குறையொன்றும் எவரும் கண்டதில்லை. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது, ஆறு குடும்பங்கள் அதன் கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தன.

2000ஆம் ஆண்டு இடம்பெயரும் முறை எங்களுக்கு வந்தது. போர்நிறுத்தத்தின் பின்னர் 2002இல் நாங்கள் திரும்பி வந்தபொழுது கிணறும் அத்திவாரமும் இடுப்பளவு நின்ற இரண்டு சுவர்களுமே எஞ்சியிருந்தன. மேசனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஐயா அத்திவாரத்தின்மேல் அமர்ந்து, இடிபாட்டுக்கு நடுவே விரலை நீட்டி, இன்னது இன்ன அறை எனச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு நின்ற நான் ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் என்றும் இருப்பார் என்றே நினைத்தேன். சில ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

உதவித் திட்டத்திற் கிடைத்த சிறு வீட்டிற் பல காலம் வாழ்ந்தபின், 2019ஆம் ஆண்டு, அதே வளவில் மாடி வைத்த வீடொன்று எழுப்பத் தொடங்கினேன். இம்முறை யாவும் முறைப்படி நடைபெற வேண்டுமென்பது என் பிடிவாதம். அறைகளின் அமைப்பை ஒருவர் வரைந்து தந்தார். தூணும் விட்டமும் கம்பியும் எவ்வளவு என்பதை வேறொருவர் கணித்துத் தந்தார். நீர்க்குழாய் வேலை செய்பவரோ தம் அநுபவத்தையே வரைபடமாகக் கொண்டிருந்தார். மூவரும் நல்லவர், தத்தம் தொழிலைத் திறம்பட அறிந்தவர். ஆனால் மூவரும் ஒரு நாளேனும் ஓரிடத்திற் கூடிப் பேசியதில்லை.

தைப்பொங்கலை அடுத்த நாள் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். நம் கல்லூரியிற் படித்து, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திற் பட்டம் பெற்றவர். புதுவீட்டைச் சுற்றிப் பார்த்தவர், மேல்மாடிக் குளியலறையின் கீழே வந்ததும் திகைத்து நின்றார். பீம் என்று நம்மவர் வழங்கும் கொங்கிறீற்று விட்டத்தின் அடிப்பக்கத்தை நடுவிலே கொத்தி, கழிவுநீர்க் குழாய் செல்ல வழி செய்திருந்தார்கள். இரண்டு கம்பிகள் அறுபட்டிருந்தன.

"சேர், இதற்குக் கீழே ஒருவரும் நிற்க வேண்டாம். முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும்" என்றார். அவர் குரலில் அவ்வளவு அச்சத்தை நான் முன்னொருபோதும் கேட்டதில்லை. பின்னர் ஒரு தென்னோலை ஈர்க்கை எடுத்து இரு முனையையும் தாங்கி, நடுவில் விரலால் அழுத்திக் காட்டினார். "வளையும்போது மேற்பக்கம் நெருங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கொங்கிறீற்று நெருக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கவே அடியிற் கம்பி வைக்கிறோம். அதை நடுவில் அறுத்தால் விட்டம் எதனால் நிற்கும்?" என்றார்.

அந்த விட்டத்தை மறுபடி அமைத்ததில் என் சேமிப்பின் பெரும்பகுதி கரைந்தது. பணம் போனது பெரிதன்று. அதன் கீழேதான் என் தாயார் நாள்தோறும் பாய் விரித்து இளைப்பாறிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணுந்தோறும் இன்றும் உடல் நடுங்குகிறது. எவரைக் குறை கூறுவது? அறைகளை வரைந்தவரின் தாள் சரி. கம்பி கணித்தவரின் தாளும் சரி. குழாய் போன வழியும், விட்டம் ஒன்று அங்கே இல்லையாயின், சரியானதே. ஒவ்வொரு தாளும் தனித்தனியே பிழையற்றது. மூன்றும் சேர்ந்த வீடு பிழையுடையதாயிற்று.

அன்று மாலை அம்மாணவர் தம் மடிக்கணினியைத் திறந்து, தாம் தொழில் செய்யும் முறையை எனக்குக் காட்டினார். கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்று அதற்குத் தமிழ்ப் பெயர் வழங்குகிறார்கள். கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியியலாளரும் குழாய், மின்கம்பி ஆகியவற்றை அமைப்போரும் தனித்தனித் தாள்களில் வரையாமல், கணினியில் ஒரே கட்டடத்தை முழுவடிவிற் கூடிக் கட்டுவதே இம்முறையாகும்.

பழைய வரைபடத்தில் ஒரு சுவர் என்பது இரண்டு கோடுகள். அவை சுவரென்று பார்ப்பவருக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. இந்த மாதிரியிலோ சுவர் தன்னைச் சுவரென்று அறியும். தன் தடிப்பு யாது, எக்கல்லால் ஆயது, எந்தத் தளத்தில் நிற்கிறது, எந்தக் கதவைத் தாங்குகிறது என்னும் விவரங்கள் அதனோடு கூடவே இருக்கும். சுவரை ஓரடி நகர்த்தினால் அதிலுள்ள கதவும் உடன் நகரும். தரைப்படமும் வெட்டுமுகப்படமும் தாமே திருந்தும். கல்லின் கணக்கும் மாறும்.

இதனைக் கேட்டபொழுது எனக்கு இலக்கண வகுப்பே நினைவுக்கு வந்தது. எழுவாய் பன்மையாயின் பயனிலையும் பன்மையாதல் வேண்டும். ஒரு சொல்லை மாற்றினால் தொடர் முழுவதையும் நோக்க வேண்டும். குழந்தைகள் ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுவர்; ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிப்பார். இந்த மென்பொருளும் அத்தகைய ஓர் ஆசிரியர். குழாயும் விட்டமும் ஓரிடத்தில் முட்டுமாயின் அவ்விடத்தை நிறமிட்டுக் காட்டுகிறது. மாணவர் என் வீட்டை அதில் அமைத்தபொழுது அந்த ஒரு முட்டல் மட்டுமன்றி, மாடிப்படியில் ஏறுவோர் தலை இடிபடக்கூடிய இன்னோர் இடமும் தெரிந்தது. அதனைக் காசு செலவின்றித் திரையிலேயே திருத்தினோம்.

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. கட்டடத்தைக் கோடுகளாக அன்றிப் பொருள்களாகக் கணினியிற் பதிதல் வேண்டுமென்று அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் ஈஸ்ற்மன் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1982இல் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ற் நகரிலே தோன்றிய கிராபிசொஃப்ற் நிறுவனம் ஆர்க்கிகாட் என்னும் மென்பொருளை ஆக்கியது. 2000ஆம் ஆண்டு ரெவிற் வெளிவந்தது. அதனை 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கிற்று. உருக்கும் கம்பியும் பற்றிய நுண்ணிய வேலைக்குப் பின்லாந்தில் உருவான தெக்லா பெயர்பெற்றது. ஒரு மென்பொருளில் ஆக்கியதை இன்னொன்று வாசித்தற்கு ஐ.எவ்.சி. என்னும் பொதுமொழி ஒன்றுண்டு. 2013இல் அது சர்வதேசத் தர நிலையமைப்பின் தரமாயிற்று. தமிழறியாதாரும் சிங்களமறியாதாரும் கூடி வாழும் நாட்டிலிருந்து வந்த எனக்கு, பொதுமொழியின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. பிரித்தானிய மத்திய அரசு தன் கட்டட வேலைகளுக்கு 2016ஆம் ஆண்டு முதல் இம்முறையைக் கட்டாயமாக்கியது. என் மாணவரும் யாழ்ப்பாணத்து அறையொன்றில் இருந்துகொண்டே கடல்கடந்த நாட்டு மருத்துவமனை ஒன்றுக்குக் கம்பி அமைத்துக்கொண்டிருந்தார்.

ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதற்குப் பின் நிகழ்ந்ததே. விடைபெறும் வேளையில், "சேர், உங்கள் பழைய வீட்டையும் இதிலே எழுப்பிப் பார்ப்போமா?" என்று அவர் கேட்டார். எதைக் கொண்டு எழுப்புவது என்றேன். அத்திவாரம் இருக்கிறது, அம்மா இருக்கிறார், ஏதேனும் ஒரு படம் இருக்கக்கூடும் என்றார்.

அத்திவாரத்தின் ஒரு பகுதி புதுவீட்டின் பின்புறம் புல் மூடிக் கிடந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாடா பிடித்து அளந்தோம். மாமியார் வீட்டிலிருந்து அக்காவின் திருமணப் படமொன்று கிடைத்தது. தலைவாசலில் நின்ற அத்தானின் உயரம் தெரியும். அதைக் கொண்டு நிலையின் உயரத்தைக் கணித்தார் மாணவர். மற்றவற்றை அம்மா சொன்னார். "சாமியறை வாசற்படி உயரம் கூட. புதுப்பெண்ணாய் வந்தபோது மூன்று தரம் கால் இடறினேன்" என்றார். படி நான்கு அங்குலம் உயர்ந்தது.

வேலை முடிந்தபின் மாணவர் செய்த ஒன்றை நான் மறவேன். அளந்து அறிந்த பகுதிகளை ஒரு நிறத்திலும், படத்தைக் கொண்டு ஊகித்தவற்றை இன்னொரு நிறத்திலும், நினைவிலிருந்து மட்டும் அமைத்தவற்றை வேறொரு நிறத்திலும் காட்டியிருந்தார். செல்லரித்த ஏடுகளைப் பதிப்பித்த நம் பெரியோரின் நெறியும் இதுவேயன்றோ? 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண் இது. சிதைந்த இடத்தைச் சிதைந்ததெனக் காட்டுவதும், ஊகத்தை ஊகமெனச் சொல்லுவதும் பதிப்பாசிரியரின் கற்பு. அக்கற்பை ஒரு பொறியியலாளரிடம் கண்டபொழுது, நான் அவருக்குக் கற்பித்த தமிழ் வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன்.

அம்மா திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விறாந்தை, தலைவாசல், சாமியறை எல்லாவற்றினூடும் மாணவர் அவரை நடத்திச் சென்றார். இறுதியில், "வேம்பு எங்கே?" என்று மட்டும் கேட்டார். கிணற்றடி வேம்பை நாங்கள் மறந்துவிட்டோம்.

பிரான்சு நாட்டில் நோத்ர டாம் பேராலயம் 2019 ஏப்ரில் 15ஆம் நாள் தீப்பற்றியது. அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே அன்ட்ரூ ராலன் என்னும் அறிஞர் ஒளிக்கதிர்க் கருவியால் அக்கட்டடத்தை நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாய் அளந்து வைத்திருந்தார். எரிந்த மரக்கூரையையும் கட்டடக் கலைஞர் இருவர் முன்பே அளந்திருந்தனர். அவ்வளவைகளும் கணினி மாதிரியும் துணைசெய்ய, 2024 டிசெம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தது. 1981ஆம் ஆண்டு எரிந்த எம் யாழ்ப்பாண நூலகத்தையும் இங்கு நினையாதிருத்தல் இயலாது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வகுத்த அம்மாளிகையின் வடிவம் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த ஏட்டுச் சுவடிகள் மீளவில்லை. பிரதி எடுத்து வையாத பொருள் ஒருமுறைதான் வாழும்.

கணினியே எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. தவறான அளவைக் கொடுத்தால் தவறான வீட்டையே அது அழகாகக் காட்டும். கடல்மணலின் உப்புக் கம்பியைத் தின்னும் என்பதைத் திரை தானே உணர்ந்து எச்சரிக்காது. சாந்தின் பதத்தை மேசனின் கையே அறியும். பெருநிறுவனங்களின் மென்பொருளுக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுக் கட்டணம் எம் பிள்ளைகளுக்கு எட்டாதது என்பதும் உண்மை. ஆயினும் பிரீகாட், பொன்சாய் முதலியன எவரும் விலையின்றிப் பெற்றுப் பயிலத்தக்கவை.

ஆதலால், விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவராகிய நமக்கு ஒரு வேண்டுகோள். நம்முட் பொறியியலாளர் பலர் உளர். அவர்கள் விடுமுறையில் ஊர் வரும்போது, உயர்தர வகுப்பு மாணவரைக் கூட்டிக்கொண்டு நம் கல்லூரியின் பழைய கட்டடங்களை அளந்து, இம்முறையிற் பதிந்து வைத்தல் வேண்டும். பிள்ளைகள் ஒரு தொழிலைக் கற்பர். கல்லூரிக்கு ஓர் ஆவணம் கிடைக்கும். ஐயா விரல் நீட்டிச் சொன்னபொழுது ஒரு தாளை எடுக்கத் தவறியவன் நான். அத்தவறு இன்னொரு முறை நேராதிருக்கட்டும். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க நான் வருகிறேன். மண்டபத்தை அளக்கும்போது அதன் அருகில் நிற்கும் மரங்களையும் மறவாது குறித்துக்கொள்வோம்.