காகிதத்தில் இருக்கும் உயிர்

மின்மாற்றி என்றதும் இரும்புத் தொட்டியும் எண்ணெயும்தான் நினைவுக்கு வரும். அதன் உயிர் காகிதத்தில் இருக்கிறது என்பதை, துணை மின்நிலையங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற, எங்கள் அஸ்தம்பட்டித் தெருப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். செம்புச் சுருள்களைப் போர்த்தியிருப்பது எண்ணெயில் ஊறிய காகிதம். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதம் கருகினால் சுருளையே பிரித்தாக வேண்டும். வரம்புக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸுக்கும் அது மூப்படையும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். சேலத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

நோய் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. சீரான ரீங்காரத்தில் வெடிப்பொலி கலக்கும். மூச்சுக்குடுவையின் நீலச் சிலிக்கா மணிகள் ஈரமுண்டு இளஞ்சிவப்பாகும். உள்ளே பழுது தொடங்கினால் எண்ணெய் சிதைந்து வாயு எழும். 1921இல் ஜெர்மானியரான மாக்ஸ் புக்ஹோல்ட்ஸ் உருவாக்கிய ரிலே, தொட்டிக்கும் மேலுள்ள எண்ணெய்க் கலத்துக்கும் இடையிலான குழாயில் அமர்ந்து அவ்வாயுவைப் பிடிக்கிறது. சிறிது சேர்ந்தால் மணி ஒலிக்கும். எண்ணெய் சீறிப் பாய்ந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும்.

அந்த வேளைதான் சோதனை என்பார் பெரியவர். ஊர் இருண்டிருக்கும், தொலைபேசி ஓயாது, ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். போடக் கூடாது. முதலில் வாயுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் அசிட்டிலின் இருந்தால் உள்ளே மின்பொறி தாவியிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் மீண்டும் மின்சாரம் செலுத்தினால் தொட்டி பிளந்து தீப்பற்றக்கூடும். அருகில் ஆள் நிற்கக்கூடும்.

மின்சாரம் போனதும் வசைபாடுகிறோம். அந்த வசையைக் கேட்டுக்கொண்டே, கையைக் கட்டிக்கொண்டு, வாயுவின் சோதனை முடியும்வரை ஒருவர் காத்திருக்கிறார். அதுவும் வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது.